கனிக்குக் காவல், கைக்கு?

பிரான்சு நாட்டின் வடகிழக்கே, மார்ன் ஆற்றங்கரைச் சரிவுகளில் ஷாம்பெய்ன் மதுவுக்குரிய திராட்சைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அச்சரிவுகளுள் சிலவற்றை யுனெஸ்கோ நிறுவனம் 2015ஆம் ஆண்டில் உலக மரபுச் செல்வமாக ஏற்றது.

அங்கே கனிக்குள்ள காவல் வியப்புக்குரியது. ஷாம்பெய்ன் என்னும் பெயரைப் பெற வேண்டுமாயின் திராட்சையைக் கையாலேயே கொய்தல் வேண்டும், எந்திரம் கூடாது. குலை சிதையாது ஆலையை அடைதல் வேண்டும். சுமக்கும் பெட்டியில் துளைகள் இருத்தல் வேண்டும். 160 கிலோ கனியிலிருந்து 102 லிட்டருக்கு மேற்பட்ட சாறு அப்பெயருக்கு உரியதாகாது. இவையெல்லாம் எழுதப்பட்ட விதிகள்.

நன்று. ஆனால், கொய்யும் கைக்கு இவ்விதிகளில் என்ன காவல் உண்டு?

2023 செப்டம்பர் அறுவடையின்போது, நெல்-ல-ரெப்பொன் என்னும் சிற்றூரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மேற்காப்பிரிக்கத் தொழிலாளர் இழிநிலையில் தங்க வைக்கப்பட்டிருந்ததைத் தொழில் ஆய்வாளர் கண்டனர். தரையிலே படுக்கை, ஆபத்தான மின்கம்பிகள், அழுக்கடைந்த கழிப்பறைகள். அவர்களை வேலைக்கு அமர்த்தியோர் ஆள்கடத்தற் குற்றம் புரிந்தனர் என 2025 ஜூலையில் ஷாலோன் நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

'சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டதே. இனி என்ன குறை?' என்பர் சிலர். சட்டம் ஆளைத் தண்டித்தது, உண்மை. ஆயினும், அத்தகைய கைகள் கொய்த கனிக்கு ஷாம்பெய்ன் என்னும் பெயரை மறுக்க அப்பெயரைக் காக்கும் விதிகளில் இடமில்லை. பெட்டியில் துளை இல்லையெனில் குற்றம். கொய்தவனுக்குப் பாய் இல்லையெனில் குற்றமன்று! இஃது என்ன நீதி?

'கனி பழுத்தால் காத்திராது. பருவம் குறுகியது' என்பர் வேறு சிலர். அந்த அவசரத்தை முன்னிட்டே, கையறுவடைக் காலத்தில் முப்பது நாளில் ஒருமுறை வார ஓய்வை நிறுத்திவைக்க 2024 ஜூலை அரசாணை இடமளித்தது. பருவம் குறுகியது என்பது மெய்யே. ஆனால் அஃது ஆண்டுதோறும் வருவது, எதிர்பாரா விருந்தன்று. வரும் நாளை அறிந்தவர் பெட்டிகளை முன்னரே அடுக்கி வைக்கின்றனர். படுக்கையையும் குடிநீரையும் முன்னரே அமைக்கத் தடை யாது?

உழைப்போர் நிலையையும் அப்பெயருக்குரிய விதிகளில் சேர்க்க வேண்டும் என்று அங்குள்ள தொழிற்சங்கத்தினர் கேட்பது முற்றிலும் நேரியது. தங்கும் இடம், நீர், நிழல், ஓய்வு ஆகியன விதியாதல் வேண்டும். மீறினால் கனி தன் பெயரை இழத்தல் வேண்டும். எந்திரத்தை விலக்கி மனிதக் கையே வேண்டுமென விதித்தவர்க்கு, அக்கைக்கு உரிய மனிதனைப் பேணும் கடமையும் உண்டு.