ஏரியில் ஒரு பரீட்சை

உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் நேரே வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போகிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல் பொறித்த குடவோலைச் சாசனத்தைப் பார்த்து வியந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறார்கள். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் என்று அச்சாசனம் கூறுகிறதே, அந்த ஏரியை எட்டிப் பார்க்கிறவர் எத்தனை பேர்? பல்லவர் காலத்து வைரமேக தடாகம் அது.

மழைக்குப் பின் ஏரி நிறைந்திருக்கையில், இவ்வூர் மாணாக்கர் தங்கள் கையால் கட்டிய ஒரு கட்டுமரத்தை அதில் மிதக்கவிட வேண்டுமென்பது நமது ஆசை.

கட்டுமரத்தின் பெயரே அதன் செய்முறையைச் சொல்லிவிடும். இலேசான மரங்களை வாய்ச்சியால் செதுக்கி, ஒன்றோடொன்று அணைத்துக் கயிற்றால் கட்டுவது. மேலே ஏறிய நீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். கரை சேர்ந்ததும் அவிழ்த்துக் காயவைக்கலாம். (ஆங்கிலேயர் இச்சொல்லை எடுத்துக்கொண்டுபோய், பிற்பாடு வேறொரு வகைப் படகுக்குச் சூட்டியது தனிக் கதை.) மரத்தை அளந்து, நிறுத்து, அது எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கிடும் பையன் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை உருப்போட வேண்டியதில்லை. கணக்குத் தப்பினால் கால் நனையும்.

"தச்சு வேலைக்கா பிள்ளையை அனுப்பினோம்?" என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். அதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு. கைத்தொழில் வழியே கல்வி என்று காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் எடுத்துரைத்தார். 1953-இல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டமோ, கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மூன்று மணி நேரம், மீதிப் பொழுது பெற்றோர் தொழில் என்றது. குலக்கல்வி என்று ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். காமராஜர் முதல் மந்திரியானதும் 1954-இல் அது கைவிடப்பட்டது. கொதித்தது நியாயமே. குயவர் மகன் சக்கரத்துக்குத் திரும்ப, குமாஸ்தா மகன் புஸ்தகத்தோடு வீட்டிலிருப்பதற்குப் பெயர் கல்வியா?

நாம் கேட்பது அதற்கு நேர் மாறானது. பள்ளி நேரத்திலேயே, வக்கீல் மகளும் கூலிக்காரர் மகனும் ஒரே கயிற்றை இழுத்து முடிய வேண்டும். கண்ணாடியிழைப் படகுகள் பரவிய பின் கட்டுமரம் கட்டத் தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள். கடற்கரையிலிருந்து அத்தகைய பெரியவர் ஒருவரை அழைத்து வந்து உபாத்தியாயர் நாற்காலியில் அமர்த்துவோம். உபாத்தியாயர்கள் பெஞ்சியில் உட்காரட்டும். பெரியவருக்குப் பொன்னாடையோடு நிறுத்திவிடாமல் முழுச் சம்பளமும் கொடுக்க வேண்டும்.

நீந்தத் தெரிந்த நால்வரும், காற்றடைத்த லாரி ட்யூப்கள் இரண்டும் கரையில் தயாராக இருக்கட்டும். முதல் சவாரிக்குத் தலைமையாசிரியரை அழைக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். தாராளமாக அழைக்கலாம், அவருடைய எடையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு.