மரமில்லாத முற்றத்தில் விருட்சாசனம்

மழலையர் பள்ளிகளின் சேர்க்கை விளம்பரங்களில் 'யோகா', 'பசுமைக் கல்வி' என்னும் சொற்கள் இன்று சேர்ந்தே வருகின்றன. மூன்று வயதில் ஆசனம் பழகும் குழந்தை அடக்கமும் ஆரோக்கியமும் உடையதாக வளரும் என்றும், பச்சைச் சட்டை அணிந்து தொட்டியில் செடி நடும் குழந்தை இயற்கையை நேசிக்கத் தொடங்கிவிடும் என்றும் பெற்றோர் பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கை பிழையானது மட்டுமன்று. அவ்வயதுக்கு மெய்யாகவே தேவையானவை பறிபோவதை மறைக்கும் திரையாகவும் அது பயன்படுகிறது.

பதஞ்சலியின் யோக சூத்திரம் கூறும் எட்டு உறுப்புகளில் ஆசனம் மூன்றாவது. ஏறத்தாழ இருநூறு சூத்திரங்களில் அதற்கென அமைந்தவை மூன்றே, அவையும் அசைவின்றிச் சிரமமின்றி அமர்வதைப் பற்றியவையே தவிர ஆண்டுவிழா மேடையில் வரிசையாகக் காட்டும் நிலைகளைப் பற்றியவை அல்ல. மரம்போல் ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம் இடம்பெறும் கேரண்ட சம்ஹிதை காலத்தால் மிகவும் பிந்தியது. வளர்ந்த சாதகருக்கென எழுந்தது. மூன்று வயதுக் குழந்தையால் ஒற்றைக்காலில் ஓரிரு நொடிகளே நிற்க இயலும் என்பதும், ஐந்து வயதளவில் அது பத்து நொடியை எட்டும் என்பதும் குழந்தை வளர்ச்சியியல் அறிந்தவை. இவ்வளர்ச்சிக்குப் பயிற்றுநர் வேண்டியதில்லை. நொண்டியும் பாண்டியும் ஆடக் கொஞ்சம் தரை வேண்டும். மூன்று, நான்கு வயதினர் நாளொன்றுக்கு 180 நிமிடங்களாவது உடலை இயக்க வேண்டும் என்றும், அதில் 60 நிமிடங்களாவது ஓட்டமும் குதியுமாக இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. பாயில் கண்மூடி அமரும் அரைமணி நேரம் இக்கணக்கில் எங்கே சேரும்? யோகப் பயிற்சியால் சிறாரின் கவனம் கூடுவதாகச் சில ஆய்வுகள் கூறுவது உண்மையே. ஆனால் அவற்றுள் பல சிறு குழுக்களைக் கொண்டவை, அவற்றுள் எதுவும் விளையாட்டுத் திடலுக்கு மாற்றாக ஆசனத்தை நிறுத்தச் சொல்லவுமில்லை. அடக்கம் என்று பெற்றோர் மகிழ்வது, பெரும்பாலும், இடமில்லாத கட்டடத்துக்கு வசதியான அசைவின்மையே.

பசுமைக் கல்வியின் நிலை இதனினும் நகைப்புக்குரியது. தெர்மோகோலில் வெட்டிய மரம், மினுக்குத்தாள் ஒட்டிய பூமி உருண்டை, வாயிலில் ஃப்ளெக்ஸ் பதாகை ஆகியவற்றோடு சுற்றுச்சூழல் நாள் கொண்டாடப்பட்டு, மறுநாள் அவை அனைத்தும் குப்பை வண்டியில் ஏறுகின்றன. குழந்தை கற்பது சொல்லிலிருந்து அன்று, பெரியவர்களின் வழக்கத்திலிருந்து. ஆகவே அது அன்று கற்றுக்கொள்வது வாங்குவதையும் எறிவதையும்தான். முற்றத்தில் கீரையும் முருங்கையும் வளர்க்கும் அங்கன்வாடியிலோ, பறித்த கீரை உலைக்குப் போவதையும் அரிசி கழுவிய நீர் செடிக்குப் போவதையும் குழந்தை நாள்தோறும் காண்கிறது. அதற்கு யாரும் பசுமைக் கல்வி என்று பெயர் சூட்டுவதில்லை, கட்டணமும் கேட்பதில்லை. அதனாலேயே அது பெற்றோர் கண்ணில் படுவதில்லை போலும்.

யோகமும் சூழல் பேணலும் உண்மையில் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. எட்டு உறுப்புகளில் முதலாவதான இயமத்தின் ஐந்து நெறிகளுள் இறுதியானது அபரிக்கிரகம், அதாவது தேவைக்கு மிஞ்சிச் சேர்க்காமை. ஆனால் அது பள்ளி நிர்வாகமும் பெற்றோரும் பழக வேண்டிய நெறி. பிறந்தநாள் தோறும் வகுப்பு முழுவதற்கும் பிளாஸ்டிக் பொம்மை வழங்கும் வழக்கத்தை நிறுத்தாமல் குழந்தையை மட்டும் பத்மாசனத்தில் அமர்த்துவது, எட்டு உறுப்புகளின் முதற்படியைத் தாண்டி மூன்றாம் படியில் கால்வைப்பதாகும்.

எல்.கே.ஜி. என்னும் சுருக்கத்திலுள்ள 'கே.ஜி.', ஜெர்மானியக் கல்வியாளர் பிரோபெல் 1840-இல் தம் பள்ளிக்குச் சூட்டிய 'கிண்டர்கார்டன்' என்ற பெயரின் எச்சம். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். அவர் அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் பயிரிடச் சிறு பாத்தி ஒதுக்கினார். அடுத்த சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் யோகா ஆசிரியரின் தகுதியை விசாரிக்குமுன், அந்தத் தோட்டம் எங்கே என்று கேட்கட்டும்.