பூச்சிலுவையும் புதுமொழியும்

வெளிநாட்டில் ஒரு பருவம் படித்துவரும் வாய்ப்பு இன்று நம் மாணவர் சிலருக்குக் கிட்டுகிறது. உதவித்தொகை பெற்றும் வங்கியில் கடன் வாங்கியும் செல்கிறார்கள். சென்ற இடத்தில் மொழி படிக்கிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள், சான்றிதழோடு திரும்புகிறார்கள். ஆனால் அந்நாட்டார் இருவர் தமக்குள் பேசிக்கொள்ளும்போது அருகில் நின்று புரிந்துகொள்ள இவர்களுள் எத்தனை பேரால் இயலும்? ஸ்பெயின் நாட்டுக் கிரானடா நகரில் ஒரு பருவம் பயின்று வந்த இக்கல்லூரியின் முன்னாள் மாணவன் என்ற உரிமையில் இதுபற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். மொழி பழகுவதற்கு விழாவும் ஆடலும் பாடலும் வேண்டும். ஆயின் அங்கே வேடிக்கை பார்க்கப் போவதால் பயனில்லை, கையில் ஒரு வேலையோடு போகவேண்டும் என்பதே என் கருத்து.

இலக்கணம் வேண்டாம் என்று சொல்ல வந்தவன் அல்லன் நான். கிரானடா நகரம் இசபெல் அரசியின் ஆட்சிக்குள் வந்த அதே 1492ஆம் ஆண்டில்தான் நெப்ரிஹாவின் காஸ்தீலிய மொழி இலக்கணமும் வெளிவந்து அவ்வரசிக்கே படைக்கப்பட்டது. ஐநூறு ஆண்டுக்கு மேற்பட்ட அந்த மரபை யார் தள்ளிவிட முடியும்? மேலும், தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு ஸ்பானிய இலக்கணம் அவ்வளவு அந்நியமும் அன்று. ‘ஆப்லோ’ என்றாலே ‘பேசுகிறேன்’. ‘ஆப்லாஸ்’ என்றாலே ‘பேசுகிறாய்’. நானும் நீயும் விகுதியிலேயே அடங்கிவிடுகின்றன. தோன்றா எழுவாய் என்று நம் தமிழாசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டியது அங்கே எனக்குக் கைகொடுத்தது. ரகர றகர வேறுபாடும் அப்படியே. ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. நாவை அழுத்தி அதிரச் செய்து ‘பெர்ரோ’ என்றால் நாய்.

இடர்ப்பாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. வகுப்பறையில் கேட்ட ஸ்பானியம் தெருவில் இல்லை. கிரானடா மக்கள் சொல்லின் இறுதிச் சகரத்தைப் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. களைத்தவன் என்று பொருள்படும் ‘கான்சாதோ’ அவர்கள் வாயில் ‘கான்சாவ்’ ஆகிவிடுகிறது. செந்தமிழ் மட்டும் படித்துவிட்டு நம் ஊர்ச் சந்தையில் வந்து நிற்கும் வெளிநாட்டான் நிலையை எண்ணிப் பாருங்கள். இந்த இடைவெளியை எந்தப் பாடநூலும் நிரப்பாது.

இதை நிரப்பத்தான் ‘பண்பாட்டு நிகழ்ச்சிகள்’ என்று மொழிப்பள்ளிகள் ஒரு பட்டியல் தருகின்றன. அல்ஹாம்ப்ரா அரண்மனைக்கு ஒரு பயணம். சாக்ரோமொன்தே குன்றின் குகையில் ஒரு பிளமேங்கோ இரவு. ஒரு சமையல் செய்முறை. நான் சேர்ந்து சென்ற பயணத்தில் வழிகாட்டி ஆங்கிலத்தில் பேசினார். குகையில் இருந்தவர் எல்லாரும் என்னைப் போன்ற வெளியூரார். அழகான ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் கைதட்டுவதற்கு மொழி எதற்கு? விலைக்கு வாங்கும் கலைக்கும் மக்கள் தமக்காகச் செய்துகொள்ளும் கலைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அவ்வூரார் முன்பே உணர்ந்திருந்தனர். 1922ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இசையறிஞர் பாயாவும் இளங்கவிஞர் லோர்காவும் முன்னின்று அல்ஹாம்ப்ராவில் ஒரு நாட்டுப்பாடல் போட்டி நடத்தியபோது, தொழில்முறைப் பாடகர்கள் அதில் போட்டியிடக் கூடாது என்று விதித்தார்கள்.

எனக்கு மொழி வந்த இடம் வேறு. மே மாதம் 3ஆம் நாள் கிரானடாவில் சிலுவைத் திருநாள். தெருமுனைகளிலும் வீட்டு முற்றங்களிலும் சிவப்புக் கார்னேஷன் மலர்களால் பெரிய சிலுவைகளை எழுப்புகிறார்கள். செப்புப் பாத்திரங்களும் நீலப்பூ வரைந்த மண்தட்டுகளும் பட்டுச் சால்வைகளும் சுற்றிலும் கொலுப்போல் அடுக்கப்படுகின்றன. எந்தச் சிலுவை சிறந்தது என்று நகராட்சி பரிசும் அளிக்கிறது. நான் தங்கியிருந்த தெருவின் முற்றத்தில் அவ்வேலை நடந்தபோது நானும் போய் நின்றேன். சும்மா நிற்பவனை யார் விடுவார்கள்? “கொடு”, “பிடி”, “இறுக்கு”, “இன்னும் மேலே”, “அது வாடியது, தூக்கிப் போடு” என்று நான்கு பக்கமும் ஏவல்கள் பறந்தன. ஏவல் வினைமுற்றை வகுப்பில் இரண்டு வாரம் படித்திருந்தேன். மலரைச் சட்டத்தில் செருகியபடி இரண்டே மாலையில் அது காதில் ஏறிவிட்டது. யாரும் எனக்காக மெதுவாகப் பேசவில்லை. அதுவே பெரிய உதவி.

அங்கேதான் ஓர் ஆப்பிள் பழத்தில் கத்தரிக்கோலைக் குத்திச் சிலுவையின் அடியில் வைத்திருக்கக் கண்டேன். காரணம் கேட்டதும் முற்றமே சிரித்தது. ‘பெரோ’ என்பது ஒருவகை ஆப்பிளின் பெயருமாம். “அழகாக இருக்கிறது, ஆனால்...” என்று வருவோர் யாரும் குறை சொல்லத் தொடங்காதபடி அந்த ‘ஆனா’லையே குத்தி வைத்துவிடுகிறார்கள்! நம்மூரில் புதுவீட்டுக்குக் கட்டும் திருஷ்டிப் பூசணியை நினைத்துக்கொண்டேன். அகராதியில் இச்சொல்லுக்கு இரு பொருள் கிடைக்கும். இந்தச் சிரிப்பு கிடைக்குமா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர்கள் மொழியில் ‘தூ’ என்றால் நீ. ‘உஸ்தெத்’ என்றால் தாங்கள். அவ்வேலையை முன்னின்று நடத்திய எழுபது வயது அம்மையாரை நான் உஸ்தெத் என்றே அழைத்துவந்தேன். அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, தம்மை நீ என்றே அழைக்கும்படி ஆணையிட்டார். ‘நீ என்று அழை’ என்பதற்கே ‘துதேஆர்’ என்று ஒரு தனி வினைச்சொல் வைத்திருக்கும் மொழி அது. பாட்டி வயதுடையவரை நீ என்று கூப்பிடத் தமிழ்நாக்கு எளிதில் இணங்காது. ஆயினும் அந்த மரியாதையின் அளவுகோல் வேறு என்பதை அந்த முற்றத்தில் நின்றுதான் அறிந்தேன்.

செவில்யானாஸ் என்ற ஆடலும் அப்படியே. நான்கு பகுதி கொண்ட ஆட்டம் அது. இருவர் எதிரெதிர் நின்று ஆடுவது. ‘சுற்று’, ‘கட’, ‘மறுபடி’ என்று கற்பிப்பவர் சொல்லச் சொல்லக் காலே பொருள் உரைத்துவிடுகிறது. எனக்கு ஆட வராது. அது வேறு செய்தி.

கொச்சை வழக்கு பழகினால் தேர்வு கெடும் என்று எங்கள் வகுப்பில் சிலர் அஞ்சினார்கள். செர்வாந்தேஸ் நிறுவனத்தார் நடத்தும் சான்றிதழ்த் தேர்வில் ஸ்பானியம் வழங்கும் எந்நாட்டுப் பேச்சு வழக்கும் ஏற்கப்படுகிறது; கிரானடாவின் பேச்சு மட்டும் எப்படி விலக்காகும்? நம்மவர் நால்வராய் ஒரு வீடெடுத்துச் சாம்பார் வைத்து உண்பதையும் நான் குறை சொல்லேன். ஊர் நினைவு வாட்டும் இரவுகளில் எனக்கும் அது மருந்தாய் இருந்தது. ஆனால் மாலை நேரம் முழுவதும் அவ்வீட்டிலேயே கழியுமானால், தந்தை வாங்கிய கடனுக்கு இங்கிருந்தே அஞ்சல்வழியில் படித்திருக்கலாம்.

இரண்டாம் பருவம் அங்கே பிப்ரவரியில் தொடங்குகிறது. அப்போது செல்பவர்க்கு மே 3க்கு முன் ஏறத்தாழ மூன்று மாதம் இருக்கிறது. தங்கும் தெருவில் யார் சிலுவை கட்டுகிறார்கள் என்று முதல் மாதத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பூக்கட்டிப் பழகிய கை என்று சொன்னால் போதும், வேலை தந்துவிடுவார்கள்.