பெரிய குசினியில் ஒரு பயிலுநர்



"சமையலும் படித்துப் பழகுகிற தொழிலோ? அது எங்களுக்குத் தெரிந்ததுதானே!" என்று பலர் கேட்கிறார்கள். எனக்கும் சமையல் தெரியும். 2009இல் செட்டிகுளம் முகாமில் பொதுச் சமையல் நடந்த நாட்களில் விறகடுப்பில் கிடாரம் ஏற்றிய கை இது. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் கலியாணங்களுக்கும் அலுவலகங்களுக்கும் சாப்பாடு கொடுக்கும் ஒரு பெரிய குசினியில் பயிலுநராகச் சேர்ந்த பிறகுதான், தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்று விளங்கியது.

முதல் வாரம் முழுக்கத் தராசுதான். ஆளுக்கு 100 தொடக்கம் 125 கிராம் அரிசி. 400 பேருக்கு 40 தொடக்கம் 50 கிலோ. கண்ணளவு, கையளவு என்ற பேச்சே அங்கில்லை. மீன் வந்தவுடன் நிறுப்போம். வெட்டிக் கழுவிய பின் மறுபடி நிறுப்போம். தலை, குடல், செதில் போக மிஞ்சுவதை வைத்துத்தான் ஒரு சாப்பாட்டின் விலையைக் கணக்கிடுவார்கள். வீட்டிலிருந்து பார்சல் விற்கும் சகோதரிகள் பலர் சந்தையில் கொடுத்த காசை மட்டும் எழுதுகிறார்கள். கழிவையும் விறகையும் தங்கள் கூலியையும் எழுதுவதில்லை.

பெருக்கல் கணக்கும் எல்லாவற்றுக்கும் சரிவராது. நாலு பேரின் கறியை 400 பேருக்குச் செய்யும்போது மரக்கறியை நூறு மடங்காக்கலாம். தண்ணீரையும் உப்பையும் அப்படி ஆக்கக்கூடாது. கறி கூடும் அளவுக்குக் கிடாரத்தின் வாய் அகலம் கூடுவதில்லை. அதனால் தண்ணீர் வற்றுவது குறைவு. "உப்பை முக்காற் பங்கு போடு தங்கச்சி, மிச்சத்தை நாக்கைக் கேட்டுப் போடு" என்பார் எங்கள் தலைமைச் சமையற்காரர். கிடாரம் இறக்கிய பின்பும் நெடுநேரம் சூட்டைப் பிடித்திருக்கும். ஆகவே கத்தரிக்காய் முழுதாக அவிய முன்பே நெருப்பை நிறுத்திவிடுவோம்.

ஆபத்தும் இந்தச் சூட்டில்தான் இருக்கிறது. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் வரும் ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. மிஞ்சிய சோற்றைக் கிடாரத்தோடு மூடிவைக்காமல், அகன்ற தட்டுக்களில் மெல்லியதாகப் பரப்பி ஆற்றி, தாமதியாமல் குளிரூட்டியில் வைப்பது இதனால்தான். வீட்டில் ஒருவருக்கு வயிற்றோட்டம் என்றால் ஜீவனி கரைத்துக் கொடுக்கலாம். கலியாண வீட்டில் 400 பேருக்கு வந்தால் என்ன செய்வது?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். பயிற்சி என்ற பெயரில் கூலி வேலை வாங்கும் இடங்களும் உண்டு. என்னோடு பயின்ற ஒரு சகோதரி, இரண்டு பிள்ளைகளின் தாய், அதற்கு முன் வேறோர் இடத்தில் ஒரு வருடம் வெங்காயம் உரித்தும் சட்டி கழுவியும் இருந்தவர். அடுப்புப் பக்கம் விடவேயில்லையாம். வெளியே வரும்போது கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. ஆகவே சேருமுன் கேளுங்கள். எந்தெந்தப் பிரிவில் பழக விடுவீர்கள்? எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? கொடுப்பனவு எவ்வளவு? இரவு விருந்து முடிந்தால் வீடு போக வாகனம் உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். ஊர்க்கதைக்குப் பயந்து நல்ல வேலையை விட்டவர்களை நான் அறிவேன். ஒரு வாகனம் இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார்கள்.

தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, அதாவது நைட்டா, தொழிலிடங்களிலேயே பயிலுநர்களைச் சேர்த்துப் பழக்குகிறது. பல வருடம் சமைத்த அனுபவம் உள்ளவர்கள் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் தேசிய தொழில்சார் தகைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் உங்கள் கைவேலையைத்தான் பார்ப்பார். வேலை செய்த இடத்துக் கடிதம், சமைத்த நிகழ்வுகளின் படங்கள் இருந்தால் சேர்த்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் முதலில் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்சலுக்கு விலை வைக்கும் கணக்கை அடுத்த இதழில் எழுதுகிறேன்.