கைக்கு ஓய்வு, கண்ணுக்கு இல்லை

உங்கள் ஆபீசில் இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். காலையில் வந்ததும் பன்னிரண்டு கிளைகளின் விற்பனைப் பட்டியலை எக்ஸெலில் திறப்பார். மேலே உள்ள நாலு வெட்டி வரிகளை நீக்குவார். தேதியைச் சரி செய்வார், ஏரியாவாரியாக அடுக்குவார், கோடு போடுவார், கடைசியில் டோட்டல். அப்புறம் அடுத்த கிளை. பன்னிரண்டும் முடிந்து 'அப்பாடா' என்று நிமிரும்போது போன் வரும்: "சார், காலைல அனுப்புனது நேத்து பட்டியல். இப்ப புதுசு அனுப்பியிருக்கேன்."

அந்த ஒருவர் நீங்களேதான் என்றால், மேலே படியுங்கள்.

இந்த வேலைக்கென்றே எக்ஸெலுக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். பெயர் மேக்ரோ. 1993-ல் எக்ஸெல் 5 வந்தபோது வி.பி.ஏ. என்ற மொழியை அவனுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து கூப்பிடுவார் இல்லாமல் காத்திருக்கிறான். சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது, தீபாவளிக்கு முதல் நாள் லீவு கேட்க மாட்டான்.

"எனக்கு புரோகிராமெல்லாம் வராதே சார்!"

வரவே வேண்டாம். பழைய டேப் ரிக்கார்டர் மாதிரிதான். 'வியூ' என்பதில் போய், வலது கோடியில் 'மேக்ரோஸ்', அதில் 'ரிக்கார்ட் மேக்ரோ'. ஒரு பெயர் கேட்கும். நடுவில் இடம் விடாமல் வையுங்கள். ஷார்ட்கட் எழுத்து கேட்கும். இங்கே ஜாக்கிரதை. கன்ட்ரோல் சி என்று கொடுத்துவிட்டால், அந்த மேக்ரோ ஃபைல் திறந்திருக்கும் வரை காப்பி பண்ணும் பாக்கியம் உங்களுக்கு இல்லை! கூடவே ஷிஃப்ட்டையும் சேர்த்துக்கொண்டால் வம்பு குறைவு.

எங்கே வைக்க என்று கேட்டால் 'பர்சனல் மேக்ரோ ஒர்க்புக்' என்று சொல்லுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் எந்த ஃபைலைத் திறந்தாலும் ஆள் தயாராக நிற்பான். மாறாக, ஒரு குறிப்பிட்ட ஃபைலுக்குள்ளேயே வைத்தால் அதை 'எக்ஸ்.எல்.எஸ்.எம்.' ஆகச் சேமிக்க வேண்டும். கடைசி எழுத்து எம். வழக்கமான 'எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ்.' ஃபைலில் மேக்ரோ தங்காது. எக்ஸெல் பாவம், எச்சரிக்கத்தான் செய்கிறது. நாம்தான் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே 'யெஸ்' அழுத்திப் பழகியவர்களாயிற்றே!

பிறகு வழக்கமான வேலையை ஒருமுறை, ஒரே ஒருமுறை, நிதானமாகச் செய்யுங்கள். முடிந்ததும் 'ஸ்டாப் ரிக்கார்டிங்'. அடுத்த கிளையின் பட்டியலைத் திறந்து ஆல்ட் எஃப்8, பெயரைத் தேர்ந்து 'ரன்'. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். முதல் தடவை பார்க்கும்போது கொஞ்சம் வயிற்றெரிச்சலாகக்கூட இருக்கும். இத்தனை வருஷம் என்னத்தைக் கிழித்தோம் என்று.

*

நிற்க. இனிமேல்தான் விஷயமே.

இந்த ஆள் படு விசுவாசி. ஆனால் அவனுக்குக் கை மட்டும்தான் உண்டு, கண் கிடையாது. நீங்கள் ரிக்கார்ட் செய்த அன்று 40 விற்பனை. தலைப்பு ஒரு வரி, ஆக டோட்டல் 42-வது வரியில். அவன் புரிந்துகொண்டது என்ன தெரியுமா? 'கூட்ட வேண்டியது 40 வரி, எழுத வேண்டியது 42-வது வரியில்.' அவ்வளவுதான். மறுநாள் 55 விற்பனை வந்தாலும் கவலையே படாமல் முதல் 40-ஐக் கூட்டி, 41-வது விற்பனையின் தலைமேலேயே டோட்டலை எழுதிவிட்டுப் போய்விடுவான். பிழை என்று ஒரு மணி அடிக்காது. பார்க்க அழகாக, கோடெல்லாம் போட்டு, கொட்டை எழுத்தில் தப்பான தொகை இருக்கும்.

இதற்கு வைத்தியம் உண்டு. ரிக்கார்ட் செய்யும்போது வரிகளை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுக்காமல், கன்ட்ரோல் ஷிஃப்ட்டோடு கீழ் அம்பை அழுத்துங்கள். 'கடைசி வரை போ' என்று பதிந்துகொள்வான். நடுவில் காலி கட்டம் வந்தால் அங்கேயே நின்றுவிடுவான், அதையும் ஞாபகம் வையுங்கள். ஆனால் அடுக்கும் கட்டளையிலும் கூட்டலிலும் பழைய வரி எண்ணிக்கை ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆல்ட் எஃப்11 அழுத்தினால் அவன் எழுதிவைத்திருப்பதெல்லாம் தெரியும். அங்கே போய்த் திருத்த வேண்டும். திருத்தத் தெரிந்த நண்பர் ஒருவர் பக்கத்து சீட்டிலோ மாடியிலோ இருப்பார். ஒரு காபி செலவு.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்கிறீர்களா? 2020 செப்டம்பர் 25-லிருந்து அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகள் தினசரிக் கணக்கில் விட்டுப்போனார்கள். பரிசோதனை முடிவுகளைத் தானாகவே சேர்க்கும் ஏற்பாடு, பழைய 'எக்ஸ்.எல்.எஸ்.' வடிவத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை. மிஞ்சியது சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டது. நோயாளிகளுக்கு அவரவர் முடிவு போய்ச் சேர்ந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து எச்சரிப்பதுதான் தாமதமாயிற்று. அந்த நாட்களில் அவர்கள் எங்கெல்லாம் போனார்களோ!

"அப்ப கையாலயே செஞ்சிடலாம், அதான் சேஃப்" என்கிறீர்களா? அதற்கும் கதை இருக்கிறது. 2012-ல் லண்டனில் ஜே.பி. மார்கன் வங்கி 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. காரணங்கள் பல. ஆனால் அபாயத்தை அளக்கும் கணக்கு, எக்ஸெல் ஷீட்டுகளுக்கு இடையே கையால் காப்பி பேஸ்ட் செய்து ஓடியது என்று வங்கியே 2013-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. ஓர் இடத்தில் சராசரியால் வகுப்பதற்குப் பதில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்களாம். அபாயம் குறைவாகத் தெரிந்தது.

ஆக, கையோ மேக்ரோவோ, சரிபார்க்காவிட்டால் இரண்டும் ஒன்றுதான். பி.காமில் மண்டையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது இதைத்தானே? டாலி ஆகிறதா பார்! ஓட்டுவதற்கு முன் எத்தனை விற்பனை, ஓடியபின் எத்தனை. முன்பு என்ன தொகை, பின்பு என்ன தொகை. நாலு எண். அரை நிமிஷ வேலை.

இன்னொன்று, மேக்ரோ ஷீட்டை மாற்றியபின் கன்ட்ரோல் இசட் உதவாது. அதனால் ஒரிஜினலைத் தொடாதீர்கள். நகலில் ஓட்டுங்கள்.

*

வெளியாள் மேக்ரோ விஷயத்தில் வீட்டுக் கதவு மாதிரி இருங்கள். 1999 மார்ச்சில் 'மெலிசா' என்ற மேக்ரோ, ஒரு வேர்ட் ஃபைலில் ஒளிந்து வந்தது. திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியது. இன்டர்நெட்டிலிருந்து வரும் ஃபைல்களில் மேக்ரோவைத் தானாகவே தடுக்க 2022-ல்தான் மைக்ரோசாஃப்ட் ஆரம்பித்தது. சிவப்புப் பட்டை காட்டி நிறுத்தும். அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் தடையை எடுக்காதீர்கள். 'எல்லா மேக்ரோவையும் அனுமதி' என்ற செட்டிங் பக்கமே போகாதீர்கள்.

லிப்ரே ஆபீஸ்காரர்களுக்கும் இதெல்லாம் உண்டு. ரிக்கார்டர் மட்டும் தூங்கிக்கொண்டிருக்கும். 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்ட்' என்று போய் டிக் போட்டு எழுப்ப வேண்டும்.

*

கடைசியாக, எல்லோரும் கேட்கிற கேள்வி. மூணு மணி நேர வேலை பதினைந்து நிமிஷத்தில் முடிகிறது. மேனேஜரிடம் சொல்லலாமா?

"சொன்னா இன்னும் ரெண்டு பேர் வேலையைத் தலையில கட்டுவாரே சார்!" நியாயமான பயம்தான். ஆனால் சொல்லாமல் வைத்திருந்தால் என்ன ஆகும்? தங்கை கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு போடுவீர்கள். முகூர்த்த நேரத்தில் போன் அடிக்கும். "அந்த பட்டனை எங்க வெச்சிருக்கீங்க?" உங்களுக்குப் பதில் உட்கார்ந்தவர் 42-வது வரியைக் கவனிக்க மாட்டார். தப்பான தொகை உங்கள் பெயரில் மேலே போகும்.

ஒரு தாளில் எழுதுங்கள். எதைத் திறக்க வேண்டும், எதை அழுத்த வேண்டும், முடிந்ததும் எந்த நாலு எண்ணைப் பார்க்க வேண்டும். அந்தத் தாளோடு போய்ச் சொல்லுங்கள். "ஓ, இவ்வளவு ஈசியா?" என்பார். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, அடுத்த லீவை அப்போதே சாங்ஷன் வாங்கிவிடுங்கள்.