அந்த கமாரோ ரோட்டில் ஓடட்டும்

மிஷிகனில் எந்தப் பழைய கார் கண்காட்சிக்குப் போனாலும் ஒரு சண்டை காதில் விழும். 1969 ஷெவர்லே கமாரோவை யாராவது கொண்டுவந்து நிறுத்தியிருப்பார். பின்சக்கரக் கூட்டை வெட்டி அகல டயர் மாட்டி, போனட்டுக்கு அடியில் இரண்டு டர்போ வைத்திருப்பார். தொழிற்சாலையில் பொருத்திய அதே என்ஜின்தானா என்று எண் பார்த்துப் பூஜிக்கும் பெரியவர்கள், "பாவி, கெடுத்துட்டானே" என்று தலையில் அடித்துக்கொள்வார்கள்.

நான் பாவியின் கட்சி.

1969 கமாரோ ஒன்றும் அபூர்வப் பிறவி இல்லை. சுமார் 2,43,000 வண்டிகள் வெளிவந்தன. அபூர்வம் என்றால் அதில் இசட்எல்-1 வகைதான். அலுமினியத்தில் வார்த்த 427 கன அங்குல என்ஜின் கொண்ட அந்த வகையில் மொத்தமே 69 வண்டிகள். அவற்றில் யாரும் கைவைக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் அவை எதற்காகப் பிறந்தன? இல்லினாய்ஸைச் சேர்ந்த டீலர் ஃப்ரெட் கிப், டிராக் ரேஸை மனத்தில் வைத்து 50 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். என்ஜின் விலை வண்டி விலையையே மிஞ்சிவிட்டது. விற்க முடியாமல் பெரும்பகுதியைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினார். கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்கத்தான் அவை செய்யப்பட்டன. இன்று அவற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, தொடாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

பாவிகளிலும் எனக்கு ஆகாத ஒரு வகை உண்டு. நம்பர் பிளேட், இன்ஷூரன்ஸ், ஹெட்லைட், ஹார்ன் எல்லாம் கச்சிதமாக இருக்கும். சட்டப்படி ரோட்டில் ஓடத் தகுதியான வண்டி என்று பீற்றிக்கொள்வார்கள். மைதானத்துக்கு வந்து இறங்குவதோ டிரெய்லரில். பல்லக்கில் வரும் பாதயாத்திரைக்காரர்கள்.

ரேடியேட்டர் வடிவமைப்பது என் பிழைப்பு. அதனால் எந்த வண்டியைப் பார்த்தாலும் சூடு எங்கே போகிறது என்றுதான் முதலில் தேடுவேன். ரேஸ் என்ஜின்களில் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் சிமென்ட் போன்ற கலவையை ஊற்றி இறுகவிடுவார்கள். டர்போவின் அழுத்தத்தில் சிலிண்டர் சுவர் நெளியாமல் இருப்பதற்காக. எட்டே நொடியில் ஓட்டம் முடிந்துவிடும்போது தண்ணீர் இல்லாதது பெரிய குறையாகத் தெரியாது. அதே வண்டி சிக்னலில் கால்மணி நேரம் நிற்கட்டும், முள் சிவப்பைத் தொட்டுவிடும். பின் அச்சின் பல்சக்கர விகிதமும் அப்படித்தான். சீறிக் கிளம்ப வசதியாக வைத்தால், நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் அலறும். ஆகவே கலவையைப் பாதியோடு நிறுத்த வேண்டும், கூடுதலாக ஓவர்டிரைவ் பெட்டி மாட்ட வேண்டும். அசல் பொறியியல் இந்த விட்டுக்கொடுத்தலில்தான் இருக்கிறது. வெறும் குதிரைத்திறனைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம்.

இதை ஒழுங்காகச் சோதிப்பது 'டிராக் வீக்'. 'ஹாட் ராட்' பத்திரிகை 2005-இல் தொடங்கிய போட்டி இது. ஐந்து நாள் ரேஸ், நடுவே சுமார் ஆயிரம் மைல் சாதாரணச் சாலைப் பயணம். துணைக்கு வேறு வண்டி வரக் கூடாது. டயர், ஸ்பானர், ஸ்பேர் எல்லாவற்றையும் பந்தயக் காரேதான் சுமக்க வேண்டும், அல்லது குட்டி டிரெய்லரில் இழுக்க வேண்டும்.

அந்த வாரத்தில் ஒருமுறை ஒஹையோவின் சிற்றூர்ப் பங்க் ஒன்றில் பழைய ஷெவர்லே நோவா கார் நின்றிருந்தது. அப்பாவும் மகளும் வால்வ் ஸ்பிரிங் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்பிரிங்கைக் கழற்றினால் வால்வ் சிலிண்டருக்குள் விழுந்துவிடுமே? ஸ்பார்க் பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை முழம் முழமாக உள்ளே திணித்தாள் அந்தப் பெண். அப்பா என்ஜினைக் கையால் மெல்லச் சுற்ற, பிஸ்டன் மேலேறிக் கயிற்றை வால்வோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்ததும் கயிற்றை உருவிச் சுருட்டி டப்பாவில் போட்டாள். இருட்டப் போகும் நேரம், அடுத்த மைதானத்துக்கு இன்னும் பல மணி நேரப் பயணம் பாக்கி.

2019 டிராக் வீக்கில் டாம் பெய்லியின் 1969 கமாரோ 5.99 நொடியில் கால் மைலைக் கடந்தது. அந்தப் போட்டியில் ஆறு நொடிக்குள் ஓடிய முதல் வண்டி அதுதான். குழாய்களால் புதிதாகக் கட்டிய சட்டத்தின் மேல் கமாரோ உருவம். அதில் 1969 எவ்வளவு மிச்சம் என்று பெரியவர்கள் கேட்டால் நியாயம்தான். என் மனசும் அந்த நோவா பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் பெய்லி ரோட்டில் ஓட்டிக்கொண்டுதான் போனார்.

இதெல்லாம் தெருவில் ரேஸ் விடும் விடலைகளுக்குத் தூபம் போடாதா என்று கேட்பார்கள். வாலி பார்க்ஸ் 1951-இல் டிராக் ரேஸ் நடத்தும் என்எச்ஆர்ஏ சங்கத்தைத் தொடங்கியதே அவர்களை ரோட்டிலிருந்து மைதானத்துக்கு இழுக்கத்தான். பத்து நொடிக்குள் ஓடும் பழைய வண்டிக்கு அங்கே இரும்புக் கூண்டும் தனி லைசென்ஸும் கட்டாயம். நள்ளிரவில் நெடுஞ்சாலையில் பறப்பவனை யார் சோதிக்கிறார்கள்?

டிரெய்லர் பேர்வழிகளைச் சலிக்க டிராக் ரேஸ் போட்டிகளில் 'ட்ரூ ஸ்ட்ரீட்' என்றொரு பிரிவு உண்டு. அதில் முதலில் சுமார் 30 மைல் சாலையில் ஓட்டிவிட்டு வந்து, பிறகு மூன்று தடவை ரேஸ் ஓட வேண்டும். நல்ல விதிதான், ஆனால் முப்பது மைல் எனக்குப் போதவில்லை. ஸ்ட்ரீட் என்று பெயர் வைத்துப் பரிசு கொடுக்கும் எல்லாப் பிரிவிலும் நூறு மைல் ஓட்டச் சொல்லுங்கள். அதுவும் ஆகஸ்ட் மத்தியானத்தில், சிக்னல் நிறைந்த ஊர் ஒன்றின் நடுவே.