உப்புக் காற்றில் ஒரு பழைய சைக்கிள்

தாத்தா காலத்துச் சைக்கிள் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் உப்புத்தாளை எடுத்துத் துருவைத் தேய்ப்பார்கள். பிறகு பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடிப்பார்கள். அது கூடாது என்பேன். அந்த வண்டி எங்கே, எப்போது செய்யப்பட்டது என்பதற்கான சான்றுகளில் பாதி அந்தப் பழைய வண்ணத்தில்தான் இருக்கிறது.

பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே, வங்கக் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையில் இருக்கிறது காட்டுப்பள்ளி. அங்கே மழை பெய்யாத நாளிலும் இரும்பு துருப்பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், எஃகின் மேல் படிந்த உப்பு தானே நீரை ஈர்த்துக் கரைகிறது. அந்த உப்புநீர் மின்னைக் கடத்துவதால் துருப்பிடிக்கும் வினை விரைவாக நடக்கிறது. மீன்கூடை சுமந்த வண்டி என்றால், கூடையிலிருந்து வடியும் ஐஸ் நீர் பின்சக்கரத்தை ஒட்டிய குழாய்களில் இறங்கியிருக்கும். முன்பகுதியில் வண்ணம் நன்றாயிருந்து, பின்பகுதி மட்டும் அரித்திருந்தால் நீங்கள் என்ன ஊகிப்பீர்கள்? அந்தத் துருவும் ஒரு சான்றுதானே!

பெயர்த் தகடு மட்டும் போதாது. ஹெர்குலிஸ் என்ற பெயரில் இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் சைக்கிள் செய்தார்கள். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் நம் அம்பத்தூரிலும் செய்தது. ஆகவே இருக்கைக்குக் கீழேயும் பெடல் அச்சுக் குழலின் அடியிலும் பொறித்த எண்ணைத் தேடுங்கள். ஒவ்வோர் உறுப்பிலும் ஊர்ப்பெயர் உண்டா என்று பாருங்கள். முன்பு உள்ளாட்சி மன்றங்கள் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு வில்லை கொடுத்தன. ஆண்டு பொறித்த வில்லை ஒன்று வண்டியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம்தான்! வண்டி அந்த ஆண்டுக்குப் பிந்தியதாக இருக்க முடியாது, வில்லை அதே வண்டியுடையதாக இருந்தால்.

குழாய்கள் கூடும் மூட்டுகளையும் கவனியுங்கள். தொழிற்சாலையில் மூட்டுக் குழலுக்குள் பித்தளையை உருக்கி ஓடவிட்டிருப்பார்கள். பித்தளை சுமார் 900 டிகிரி செல்சியஸில் உருகும். எஃகு உருக இன்னும் பல நூறு டிகிரி வேண்டும். அதனால் குழாய் உருகாமலே மூட்டு இறுகிவிடுகிறது. புடைத்த வெல்டிங் தழும்பு தெரிந்தால் அது பிற்காலப் பழுதுபார்ப்பாக இருக்கலாம்.

இனி உறுப்புகள். பெடல் அச்சுக் குழலில் பொதுவான பிரிட்டிஷ் அளவு அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்காமில் செய்த பழைய ராலே வண்டிகள் பலவற்றில் 26. வேறுபாடு அற்பம் என்று நினைக்காதீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு 0.08 மில்லிமீட்டர், ஆறு சுற்றில் அது அரை மரை ஆகிவிடும். மாற்றுக் கிண்ணத்தை வலுக்கட்டாயமாக முறுக்கினால் அரை நூற்றாண்டு தாங்கிய மரை ஒரே நிமிடத்தில் வீணாகும்.

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே எல்லாம் இருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. கனத்த மீன்கூடைக்காக ஊர்ப் பட்டறையில் பற்றவைத்த கூடுதல் கேரியர் கம்பியை அவர்கள் அறுத்தெறியச் சொல்வார்கள். நான் இதை ஏற்கமாட்டேன். அந்த வண்டி கடையில் நின்றது சில நாள். கடற்கரையில் உழைத்தது பல ஆண்டு. எந்தக் காலத்துக்கு உரிய உறுப்பு என்று கேட்டால், உழைத்த காலத்துக்கு உரியது என்றே சொல்வேன்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. முன்ஃபோர்க்கும் பிரேக் கம்பிகளும் உள்ளே அரித்திருந்தால் வெளியே தெரியாது. நாணயத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் ஒலி மழுங்கினாலும் சந்தேகப்படுங்கள். ஒலி நன்றாயிருந்தாலும் அனுபவமுள்ள மெக்கானிக் பார்க்காமல் ஏறி ஓட்டாதீர்கள். ஃபோர்க்கை மாற்ற வேண்டி வந்தால் அதே அளவில் வேறொன்றைப் பொருத்துங்கள். கழற்றிய பழையதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், எண்ணெய் தடவி, எந்த வண்டியுடையது, எந்த நாளில் கழற்றியது என்று சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள்.